வசந்த்குமாரின் அரைப் பேர்

கோத்தகிரியில் லோடு வேன் ஓட்டும் வசந்த்குமாருக்குப் போன ஆடி மாதம் பாதிப் பேர் போய்விட்டது. அந்த வாரம் கேரட் விலை இறங்கியிருந்தது, மேட்டுப்பாளையம் ரோட்டில் மரம் விழுந்து அரை நாள் பஸ் ஓடவில்லை, அதனால் ஊர் இதை உடனே கவனிக்கவில்லை. வேனின் முன்கண்ணாடிக்கு மேலே மஞ்சள் பெயிண்டில் எழுதியிருந்த பேரில் ‘வசந்த்’ பளிச்சென்று நின்றது. ‘குமார்’ இருந்த இடம் துடைத்து விட்ட மாதிரி சுத்தமாகக் கிடந்தது. பெயிண்டரைக் கூப்பிட்டு மறுபடி எழுதச் சொன்னான். அவரும் எழுதினார். பிரஷ்ஷை டின்னில் போட்டுவிட்டு நிமிர்வதற்குள் எழுதியது போய்விட்டது. “பெயிண்டுல தண்ணியக் கலந்து வித்துப்போட்டானுங்க” என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அவர் அடுத்த வேலையைப் பார்க்கப் போனார்.

காரணம் தெரியாமல் இல்லை. காரணம் சுகுணா. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்துக்கொண்டு, ஆதார் திருத்தம், பட்டா நகல், பாஸ்போர்ட் போட்டோ என்று ஊருக்கே செய்து தருகிறாளே, அவளேதான். கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தபோது உடன் தங்கியிருந்த பெண்களிடம் அவள் ஓர் ஆட்டம் கற்றுக்கொண்டாள். கொரோனா வந்து கம்பெனி எல்லோரையும் ஊருக்கு அனுப்பியபோது, இரண்டு பெட்டித் துணியோடு அந்த ஆட்டத்தையும் மலை ஏற்றிக் கொண்டுவந்துவிட்டாள். ஆட்டம் இதுதான். ஒருத்தர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு ஆளாக நுழைந்து, நான் இப்போது இவனை அடிக்கிறேன், நான் இந்தக் கதவைத் திறக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நடக்குமா நடக்காதா என்று வரும்போது இருபது முகமுள்ள பகடையை உருட்டுவார்கள். பெரிய எண் விழுந்தால் நடக்கும், சின்ன எண் விழுந்தால் காலை வாரிவிடும். கெலிப்பதும் தோற்பதும் கிடையாது. “அப்பறம் என்னத்துக்குங்க ஆடறீங்க?” என்று பேக்கரி சிவகுரு கேட்டார். “என்ன ஆகுதுன்னு பாக்கத்தானுங்க” என்றாள் சுகுணா. அந்தப் பதில் அவருக்குப் பிடித்துப்போய், பேக்கரி மாடி அறையை ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆட்டத்துக்கு விட்டுவிட்டார். அடுப்புச் சூடு மாடிவரை வரும். மொறுமொறு வர்க்கியும் டீயும் கீழேயிருந்து ஏறி வந்துகொண்டே இருக்கும்.

ஆடுகிறவர்கள் மூன்று பேர். ஒருத்தன் வசந்த்குமார். இன்னொருத்தி மனிஷா, செல்போன் கடையில் இருக்கும் சின்னப்பெண், எதைச் சொன்னாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் காதில் வாங்குவாள். மூன்றாவது மூக்கம்மா. வாலிப வயதில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர், எழுபதை நெருங்குகிறார், பாட்டி என்று யாராவது கூப்பிட்டால் எழுந்து போய்விடுவார். கதைக்குள் அவர் கோடாலி வைத்திருக்கும் பெண். பேச்சுவார்த்தை நடத்தலாம் என்று மற்ற இருவரும் யோசிப்பதற்குள் ஆளை வெட்டிவிட்டு, அப்புறம் யார் என்று கேட்பார். இருபது முகப் பகடையை அவர் நெல்லிக்காய் என்றுதான் சொல்வார். முறைப்படி கதைக்குள் ஒவ்வொருத்தரும் வேறு பேர் வைத்துக்கொள்ள வேண்டும். மூக்கம்மாவுக்கு அந்தப் பேர்கள் நிற்கவில்லை. இவள் யாரு, அவன் யாரு என்று வாராவாரம் கேட்டு, போன வாரம் கூட வந்தவனையே இந்த வாரம் வெட்டப் போனார். சரி, சொந்தப் பேரிலேயே ஆடுவோம் என்று விட்டார்கள். வந்த வினையெல்லாம் அங்கேதான் தொடங்கியது.

ரகசியம் கொடுப்பதில் சுகுணா கைதேர்ந்தவள். ஒவ்வொரு கதை தொடங்கும்போதும் ஒவ்வொருத்தரையும் தனியாக மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிப்போய், அடுப்புப் புகைக்கூண்டின் பக்கத்தில் நிறுத்தி, காதில் ஒன்றைச் சொல்லி அனுப்புவாள். நீ ராஜாவின் மகன், உனக்கே தெரியாது. நீ இந்தக் கூட்டத்தைக் காட்டிக்கொடுக்க வந்தவள். இப்படி எதையாவது. அதைச் சரியான நேரத்தில் போட்டு உடைப்பதில்தான் ருசியே இருக்கிறது. “வர்க்கி மாவு மாதிரிங்க. ஊறோணும். ஆனா புளிச்சுப்போகக் கூடாது” என்று அவள் சொல்வாள். ரகசியத்தை வாங்கியவர்தான் உடைக்கலாம். சுகுணாவே வாய் விட்டுச் சொல்லிவிட்டால் கதை அந்த இடத்திலேயே படுத்துவிடும். இன்னொன்றிலும் அவள் கறார்: மேசைக்கு வெளியே ஒருத்தருக்குத் தெரிந்தது மேசைக்குள் செல்லாது. உங்களுக்குத் தெரியலாம், உங்கள் ஆளுக்குத் தெரியாது, அதனால் தெரியாத மாதிரியேதான் நடக்க வேண்டும். இந்த விஷயத்தில் மூக்கம்மா உட்பட எல்லோரும் நாணயமாக நடந்துகொண்டார்கள்.

இதற்குள் சுகுணாவுக்கும் வசந்த்குமாருக்கும் பிடித்துப்போயிருந்தது. ஊர் ஆச்சரியப்படவில்லை. இரண்டு வீட்டிலும் பேசி, தை மாதம் கல்யாணம் என்று வாயளவில் முடிவும் ஆகிவிட்டது. சுகுணாவின் அப்பா அழகர்சாமிக்கு மட்டும் ஒரு மனக்குறை. மாப்பிள்ளையின் வாய். வசந்த்குமாரிடம் ஒன்றைச் சொன்னால் அது அடுத்த வளைவு திரும்புவதற்குள் எதிரே வரும் வண்டிக்குத் தெரிந்துவிடும். எந்தத் தோட்டத்தில் கேரட் எப்போது பிடுங்குகிறார்கள், யார் வீட்டுப் பெண்ணை யார் பார்த்துவிட்டுப் போனார்கள், எல்லாம் அவன் வேனில்தான் ஊரைச் சுற்றும். “நாளைக்கி நம்மூட்டுச் சங்கதி பூராவும் மார்க்கெட்ல கெடக்கும் பாத்துக்க” என்று அழகர்சாமி மகளிடம் சொன்னதை, அப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த வசந்த்குமார் கேட்டுவிட்டான். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் திரும்பிப் போனான். அவன் சத்தமில்லாமல் செய்த முதல் காரியம் அதுதான் என்பார்கள்.

சுகுணாவுக்கு இது தெரியாது. ஆடியில் புதுக் கதை தொடங்கினாள். பனிராசன் என்றொருவன் மலை மக்களின் பேர்களைத் திருடித் தன் கோட்டையில் பூட்டி வைத்திருக்கிறான், இவர்கள் மூவரும் மீட்கப் போகிறார்கள், அவ்வளவுதான் கதை. வசந்த்குமாரை மாடிப்படித் திருப்பத்துக்குக் கூட்டிப்போய்க் காதில் சொன்னாள்: உங்க ஆளுக்கு அரைப் பேர்தான் இருக்கு, மீதி அரை உங்க மூணு பேர்ல ஒருத்தர் கையில மாட்டியிருக்கு. மனிஷாவிடம், உன் பொட்டிக்குள்ள ஒரு அரைப் பேர் கெடக்கு, யாருதுன்னு உனக்குத் தெரியாது, கேட்டவங்களுக்குத்தான் குடுக்கோணும் என்றாள். மூக்கம்மாவுக்கு வேறொன்று, அவர் அதை டீ வருவதற்குள் சொல்லிவிட்டார். வசந்த்குமாரின் வாய்க்கு இரண்டு வாரம் தாங்காது, மூன்றாவது வாரம் உடையும், உடைந்ததும் கதை சூடு பிடிக்கும் என்று சுகுணா கணக்குப் போட்டிருந்தாள். பாவி மனுஷன் உடைக்கவே இல்லை.

அவனுக்கு இது ஆட்டமே இல்லை. சுகுணாவே தன்னை நம்பி ஒன்றைக் கொடுத்திருக்கிறாள், அதை அவளிடமிருந்தே காப்பாற்றிக் காட்டினால் இந்த வாயைப் பற்றி அப்புறம் எவனும் பேச மாட்டான் என்று நினைத்துவிட்டான். பல்லைக் கடித்துக்கொண்டு கமுக்கமாக இருந்தான். வேனில் பேர் போன கதையைத்தான் முதலிலேயே சொன்னேனே. அடுத்து பஸ் கண்டக்டர் அவனுக்கு அரை டிக்கெட் கிழித்துக் கொடுத்தார், மீசை வைத்த ஆளுக்கு எப்படி என்று கேட்டதற்குத் தலையைச் சொறிந்தார். டீக்கடையில் அரை கிளாஸ் டீ வந்தது. முடிவெட்டுகிற கடையில் இடது பக்கத்து முடியையும் மீசையையும் மட்டும் எடுத்துவிட்டு, துணியை உதறி, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள். வெயிலில் நின்றால் நிழல் இடுப்போடு முடிந்தது. பெற்ற தாய் தோசையைச் சுட்டுப் பாதியைத் தட்டில் போட்டுவிட்டு மீதியை நாய்க்கு வைத்தாள், அவளுக்கு அதில் ஒரு தப்பும் தெரியவில்லை. எல்லாவற்றையும்விடத் தொல்லை, வண்டி முன்னால் போயிற்று, பின்னால் போகவில்லை. கியர் நன்றாகத்தான் இருந்தது. ரிவர்ஸ் எடுக்கும் வித்தை அவன் கையை விட்டுப் போயிருந்தது.

அது மனிஷாவிடம் இருந்தது. சைக்கிள்கூட ஓட்டாத பெண், வேனில் ஏறி உட்கார்ந்தால் கொண்டை ஊசி வளைவில்கூட ஒரே தம்மில் பின்னால் எடுத்துவிடுவாள். முன்னால் ஓட்டச் சொன்னால் தெரியாது. எதிரே லாரி வந்து வழிவிட வேண்டிய இடத்திலெல்லாம் வசந்த்குமார் இறங்கிப்போய் செல்போன் கடைக்குப் போன் போடுவான், அவள் கடையைச் சாத்திவிட்டு ஆட்டோவில் வந்து வண்டியைப் பின்னால் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாள். ஊரில் அவளை மனிஷாகுமார் என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். “ஏனுங் குமாரு, வண்டி எப்ப வரும்?” என்று தோட்டக்காரர்கள் அவளைக் கேட்டார்கள். குமாருக்குப் பெண் கொடுக்கிறோம் என்று கூடலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் ஜாதகத்தோடு வந்து அவள் வீட்டில் காபி குடித்துவிட்டுப் போனது. அவளுக்கு ஒரே குஷி. “அண்ணா, இன்னும் கொஞ்ச நாளு இருக்கட்டுமே” என்றாள்.

ஆக, கோத்தகிரியில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வசந்த்குமாருக்கு அரைப் பேர், மீதி மனிஷா கையில். காய்கறி மார்க்கெட்டில் தெரியும், டீ பேக்டரியில் கொழுந்து எடை போடுகிறவருக்குத் தெரியும், அரையாய் நின்ற ஆளுக்கே தெரியும். தெரியாதது கதைக்குள் இருந்த மூன்று பேருக்கு மட்டும்தான். வெளியே தெரிந்தது உள்ளே செல்லாதே! ஞாயிற்றுக்கிழமை மாடியேறி உட்கார்ந்ததும் மனிஷா, என் பெட்டியில் இருப்பது யாருடையதோ தெரியவில்லையே என்று முகத்தை வைத்துக்கொள்வாள். எதிரே பாதி மீசையோடு வசந்த்குமார், எனக்கென்ன தெரியும் என்று கல்லுளிமங்கனாக உட்கார்ந்திருப்பான். டீ கொண்டுவரும் சிவகுருவுக்குத்தான் பார்க்கப் பொறுக்காது. “அட, அந்தப் பொட்டியத் தொறந்து குடுத்துப்போட்டா முடிஞ்சுதுங்களே” என்பார். மூன்று பேரும் அவரை முறைப்பார்கள்.

சுகுணா தன்னால் ஆனதையெல்லாம் செய்தாள். தானே சொல்லக் கூடாது, ஆனால் அவன் சொல்வதற்குக் கதவைத் திறந்துவிடலாம், ஆட்டம் நடத்துகிறவருக்கு அதற்கு உரிமை உண்டு. கதைக்குள் ஒரு குறி சொல்லும் கிழவியை அனுப்பி, உன் பேரில் ஏதோ குறைகிறதே என்று கேட்க வைத்தாள். அம்மா நல்லா இருங்க என்று தட்சிணை கொடுத்து அனுப்பிவிட்டான். கள்ளுக்கடையில் உயிர்த்தோழனைச் சந்திக்க வைத்தாள். தோழனுக்கே மூன்று சொம்பு வாங்கிக் கொடுத்துப் படுக்க வைத்துவிட்டு வந்தான். கடைசியில், குடித்தால் உண்மையைத் தவிர வேறு எதுவும் பேச முடியாத சுனை ஒன்றைக் குறுக்கே வைத்தாள். தாக்குப்பிடிக்க முடிகிறதா என்று பகடையை உருட்டினான். பத்தொன்பது விழுந்தது. மேசையே கைதட்டியது. மறுநாள் காலையில் பார்த்தால் அவன் வீட்டு ரேஷன் அட்டைப் போட்டோவில் ஒரு கண் இல்லை.

பொறுக்க முடியாமல் டீக்கடைக்குக் கூட்டிப்போய் நேராகவே கேட்டாள்.

“ஏனுங்க, அதச் சொல்லிப்போடுங்களே.”

“எதைங்க?” என்று கண்ணடித்தான் அவன்.

“ஆட்டத்துல நான் உங்ககிட்ட சொன்னதத்தான்.”

“நீங்க ஒண்ணுமே சொல்லலியேங்க. சோதிக்கறீங்களா? நம்மகிட்ட அது நடக்காதுங்க.” அரை கிளாஸ் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு ராஜா மாதிரி எழுந்து போனான். அவனைக் கட்டிப்பிடித்து அழுவதா, தலையில் ஒரு கொட்டு வைப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

கார்த்திகையில் கல்யாணப் பதிவுக்கு அவள் கடைக் கம்ப்யூட்டரிலேயே விண்ணப்பம் போட்டாள். மணமகன் பேரில் ‘குமார்’ அடிக்க அடிக்க அழிந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்தால் வந்த கட்டு முழுவதிலும் மணமகன் ‘வசந்த்’ என்று நின்றது, அதற்கப்புறம் விரல் நுழையும் அளவுக்கு வெள்ளை. அழகர்சாமி ஒரு பத்திரிகையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பாதி மாப்பிள்ளைக்கு முழுப் பொண்ணக் குடுக்கோணுமா?” என்றார். பேர் முழுசாகாமல் தாலி இல்லை என்று முடிவாகச் சொல்லிவிட்டார். சுகுணாவுக்கு அதுகூடப் பெரிய கவலையாக இல்லை. அப்பாவைச் சமாளித்துவிடலாம். அவளை ஆட்டிவைத்தது வேறொன்று.

அவளுக்கு அவன் பாதி பாதியாக மறந்துபோய்க்கொண்டிருந்தான். கோடநாடு வியூ பாயிண்டில் இருவரும் சண்டை போட்டது ஞாபகம் இருந்தது, எப்படிச் சமாதானம் ஆனார்கள் என்பது இல்லை. மழையில் நனைந்துகொண்டு கடைக்கு வந்து நின்றது இருந்தது, எதற்கு வந்தான் என்பது போய்விட்டது. அவன் ஏதாவது வேடிக்கை சொல்லத் தொடங்குவது காதில் கேட்கும், தான் சிரித்தது இருக்காது. ஒருநாள் கடையில் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தவள் கத்தரியை அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்தாள். என்னைக் கட்டிக்கிறீங்களா என்று அவன் கேட்டது அவளுக்குத் தெளிவாக ஞாபகம் இருந்தது. தான் என்ன பதில் சொன்னாள் என்பது சுத்தமாக இல்லை. அன்றைக்கு அவளுக்குப் பிடித்த பயம் லேசுப்பட்டதில்லை. அரை ஆளோடு வாழ்ந்துவிடலாம், அந்த அரையும் நாளைக்குத் தன்னிடம் இல்லாமல் போனால் யாருக்காகக் காத்திருப்பது என்று நினைத்துக் கடைக் கதவைப் பாதி சாத்திக்கொண்டு அழுதாள்.

மார்கழியில் புல்லெல்லாம் உறைபனி பூத்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதை பனிராசன் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தது. சுகுணா மாடியேறி வந்தபோது மேசையில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூக்கம்மா, மனிஷா, அப்புறம் ஓர் ஆள். தலையில் ஒரு பக்கம் முடி அடர்ந்தும் ஒரு பக்கம் ஒட்டவும் இருந்தது. நல்ல முகம்தான், எங்கேயோ பார்த்த முகம் என்று நினைத்துக்கொண்டு அவள் கதையைத் தொடங்கினாள். கோட்டை வாசலில் காவலன் ஈட்டியைக் குறுக்கே நீட்டுகிறான், பேரைச் சொல்லிவிட்டு உள்ளே போ என்கிறான். காவலனுக்கென்று அவள் வைத்திருந்த கட்டைக்குரலில் கேட்டாள். மூக்கம்மா பேரைச் சொன்னார். மனிஷா சொன்னாள். மூன்றாவது ஆள் “வசந்த்” என்றான்.

“முழுப் பேர்?”

அவன் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு மேலே பார்த்தான். அப்போது சுகுணா கட்டைக்குரலை விட்டுவிட்டுத் தன் குரலில், “தப்பா நெனச்சுக்காதீங்க. உங்கள எங்கயோ பாத்திருக்கறனுங்க. எந்த ஊருங்க நீங்க?” என்று கேட்டாள். இதுவும் அவள் போடும் கொக்கிதான் என்று வசந்த்குமார் கண்ணடித்தான். அவள் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. கடைக்கு வரும் புது ஆளிடம் காட்டும் மரியாதையோடு வர்க்கித் தட்டை அவன் பக்கம் நகர்த்தி, “எடுத்துக்கங்க, கூச்சப்படாதீங்க” என்றாள்.

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. ஐந்து மாதம் பூட்டி வைத்திருந்த வாய் திறந்துகொண்டது. அழகர்சாமி என்ன நினைப்பார், ஊர் என்ன சொல்லும் எல்லாம் போன இடம் தெரியவில்லை. “சொல்லிப்போடறனுங்க, சொல்லிப்போடறேன்” என்று மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். “எனக்கு அரைப் பேர்தானுங்க. ஆடியில இருந்தே அரைப் பேர்தானுங்க!”

அவ்வளவு நாள் ஊறியது இப்படித்தான் உடைந்தது. இந்த இடத்தில் மனிஷா தன் பெட்டியைத் திறந்து கொடுத்திருக்க வேண்டும், எல்லாம் ஒழுங்காக முடிந்திருக்கும். மனிஷா வாயைத் திறப்பதற்குள் மூக்கம்மா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். அவர் பிறந்த இலங்கைத் தோட்டத்தில் பேர் என்றால் கூப்பிடும் பேர் இல்லை. ஒரு நாள் வேலை செய்ததற்குப் போடுகிற கணக்குக்குத்தான் அங்கே பேர் என்று பெயர். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று முழு நாள் உழைத்தால் ஒரு பேர். கொழுந்து குறைந்தது என்று கங்காணி மனது வைக்காவிட்டால் அரைப் பேர். ஆடியிலிருந்து இந்தப் பையன் மலையேறி, ஆறு கடந்து, ஓநாயிடம் கடி வாங்கி நடந்து வந்திருக்கிறான். அவனுக்கு அரைப் பேர் போட்டிருக்கிறார்கள் என்றுதான் அவர் காதில் விழுந்தது.

“என்னா கத இது? அரைப் பேரா? யாருடா ஒங்க கணக்கப்புள்ள?” என்று காவலனைப் பார்த்து, அதாவது சுகுணாவைப் பார்த்து, விரலை நீட்டினார். “பொழுது விடியக்குள்ள பெரட்டுக்கு வந்து நிக்கிறான், பொழுது சாயிற வரைக்கும் நிக்கிறான். இன்னிக்கு என்னா கெழம? ஞாயித்துக்கெழம! ஞாயித்துக்கெழம வேல செஞ்சா ஒண்ணரைப் பேரு. எங்களுக்கு வெள்ளக்காரத் தொரயே குடுத்தான், ஒங்க பனிராசன் என்னா அவனுக்கு மேலயா? போடுறா ஒண்ணரைப் பேரு!”

“மூக்கம்மாக்கா, அது அந்தப் பேர் இல்லீங்க” என்று சுகுணா இழுத்தாள். மனிஷா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மூக்கம்மா அதற்குள் நெல்லிக்காயை எடுத்து மேசையில் விட்டெறிந்தார். அது வர்க்கித் தட்டைச் சுற்றி, டீ கிளாஸில் மோதி, நின்றது. இருபது.

இருபது விழுந்தால் கேட்டது நடக்கும், மறுபேச்சு கிடையாது. அதைச் சொல்லி வைத்ததே சுகுணாதான். எதிரே நிற்கும் ஆள் யாரென்று அவளுக்கு அந்த நேரத்தில் தெரியாது, ஆட்டம் எப்படி என்பது தெரியும். மறுபடி கட்டைக்குரலுக்குப் போய், ஈட்டியை விலக்கி, “சரி. ஒண்ணரைப் பேர் போட்டாச்சு. உள்ள போங்க” என்றாள்.

மனிஷா இல்லாத பெட்டியைத் திறந்து இல்லாத ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அறையில் அடுப்புச் சூடு ஒரு தரம் ஏறி இறங்கியது. கீழே நிறுத்தியிருந்த வேனைப் பார்த்துக்கொண்டிருந்த சிவகுரு, முன்கண்ணாடிக்கு மேலே ‘குமார்’ வந்து உட்கார்ந்ததையும், இடம் போதாமல் நெருக்கிக்கொண்டு அதன் பக்கத்திலேயே இன்னொரு ‘குமார்’ வந்து உட்கார்ந்ததையும் கண்ணால் பார்த்தார். பார்த்துவிட்டு, அடுப்பில் வர்க்கி கருகுமே என்று உள்ளே போனார்.

சுகுணாவுக்கு எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தது. கோடநாட்டில் சமாதானம் ஆனது, மழையில் அவன் வந்தது அவள் விட்டுப்போன குடையைக் கொடுக்கத்தான் என்பது, கல்யாணம் கேட்டதற்கு யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இரண்டு எட்டு நடந்து, திரும்பி வந்து, யோசிச்சாச்சுங்க என்று தான் சொன்னது. மேசையைச் சுற்றி ஓடிப்போய் அவன் முதுகில் நாலு சாத்துச் சாத்தினாள். “ஒரு வார்த்த சொல்றதுக்கு இத்தன நாளா? உங்கள மறந்தே போயிட்டனுங்க!” என்று அழுதாள். அவன் அடி வாங்கிக்கொண்டே அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “எம்பேரு போச்சுன்னு கூட நெனைக்கலீங்க. வர்க்கிய எடுத்துக்கங்கன்னு மரியாதையாச் சொன்னீங்க பாருங்க, செத்தே போயிட்டனுங்க” என்றான். மூக்கம்மா, கணக்கு சரியாக வந்துவிட்டதா என்று மனிஷாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு உட்கார்ந்தார்.

புதுப் பத்திரிகை அடித்து வந்தபோது மணமகன் வசந்த்குமார்குமார் என்று இருந்தது. அச்சகத்தில் பிழை என்று திருத்தப் பார்த்தார்கள், அது திருந்தவில்லை. அழகர்சாமி படித்துப் பார்த்து, குறையாக இருப்பதற்கு அதிகமாக இருப்பது மேல் என்று ஒத்துக்கொண்டார். அந்த உபரி அரை எங்கேயிருந்து வந்தது என்று கொஞ்ச நாள் பேச்சு ஓடியது. தேவர்சோலையில் விஜயகுமார் என்று ஒருத்தர் வெறும் விஜயாவாகிவிட்டார் என்று ஒரு புரளி. விசாரித்ததில் அவர் முழுசாகத்தான் இருந்தார். உண்மை சுகுணாவுக்கு மட்டும் தெரியும். அவளுக்கு அவனைப் பற்றிய ஞாபகங்கள் எல்லாம் திரும்பி வந்த பிறகும், மேற்கொண்டு பாதி வந்துகொண்டிருந்தது. அவள் இன்னும் வாழாத நாட்கள் அவை, இனிமேல் வரவேண்டியவை. உபரி அரை வந்தது அங்கேயிருந்துதான். ஒருநாள் காலையில் அவன் கடைக்குள் நுழைந்ததும், “பொறந்த கொழந்தையப் பாக்க வர்றதுக்கு முன்னாடி மார்க்கெட்ல போய்ச் சொல்லிட்டு வருவீங்களா?” என்று சண்டைக்குப் போனாள். எந்தக் குழந்தை என்று அவன் முழித்தான். பிறகு யோசித்துப் பார்த்து, அப்படிச் செய்யக்கூடியவன்தான் நான் என்று மன்னிப்புக் கேட்டான்.

தை பிறந்து கல்யாணம் முடிந்தது. மூக்கம்மா பந்தியில் ஒன்றரைச் சாப்பாடு சாப்பிட்டார். வேனுக்கு மாலை போட்டு இருவரையும் ஏற்றிவிட்டார்கள். மனிஷாவுக்கு ரிவர்ஸ் மறந்துவிட்டதால் மாப்பிள்ளையே வண்டியைப் பின்னால் எடுத்துத் திருப்பினான். ஊர் தாண்டி டீ தோட்டங்களுக்கு நடுவே போகும்போது சுகுணா திடீரென்று அவன் தோளில் சாய்ந்துகொண்டு தேம்பினாள், பிறகு கண்ணைத் துடைத்துவிட்டு அவன் காதைப் பிடித்துத் திருகிச் சிரித்தாள். எதற்கு அழுகிறாள், எதற்குச் சிரிக்கிறாள் என்று புரியாமல் அவன் வண்டியை ஓரம் கட்டினான்.

“என்னாச்சுங்க?”

“இன்னும் ஆகலீங்க” என்றாள் அவள்.

சரி, ஆகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று வசந்த்குமார்குமார் கியரைப் போட்டு வண்டியை எடுத்தான்.